அதில் ஐம்பது என்றுதான் போட்டிருந்தது

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் பேனாவை நூலால் மேஜையோடு கட்டி வைத்திருப்பார்கள். அது எழுதவும் எழுதாது. இங்கே கட்டவும் இல்லை, எழுதவும் செய்கிறது. தேநீரில் சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

"நடந்ததை நடந்தபடி, உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க" என்றீர்கள். எனக்கு அது புதிய வேலை இல்லை, ஐயா. இருபத்தாறு வருடமாக நாணயக் கடை ஒன்றில் மதிப்பீட்டாளராக இருக்கிறேன். வந்த பொருளை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. கடையில் எனக்கு மில்லி என்று பெயர். மில்லிகிராம் வரை பார்ப்பவன் என்று முதலாளி வைத்தது. நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம், நான் குடிப்பதில்லை.

முதலில் அந்தக் காசுகளைப் பற்றிச் சொல்கிறேன். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். முதலீட்டுக்கென்று அரசாங்கம் அச்சடிக்கும் தங்கக் காசு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பு. ஒன்று முகமதிப்பு. அது காசின் முகத்திலேயே பெரிதாகப் பொறித்திருக்கும்: ஐம்பது. இன்னொன்று சந்தை மதிப்பு. அது காசில் எங்கேயும் இருக்காது. காலையில் ஒன்றாக இருக்கும், மாலையில் வேறாக இருக்கும். இந்தக் கதை தொடங்கிய நாளில் அது நாலாயிரத்து இருநூறு டாலர்.

அப்படியானால் எதற்கு ஐம்பது என்று போட வேண்டும் என்று கேட்பீர்கள். கடைக்கு வருகிற எல்லாரும் கேட்பார்கள். அது சட்டப்படி செல்லுகிற பணம் என்று காட்டத்தான். அந்தக் காசை நீட்டி ஐம்பதுக்கு சோப்பும் பற்பசையும் வாங்கினால் சட்டம் உங்களைத் தடுக்காது. நாலாயிரத்துக்கு மேல் பெறுகிற தங்கத்தைக் கொடுத்து எந்த மடையன் சோப்பு வாங்குவான் என்று கடையில் நாங்கள் சொல்லிச் சிரிப்போம். என் சர்வீஸில் அப்படி ஒருவரையும் பார்த்ததில்லை. அதாவது, சென்ற வாரம் வரைக்கும்.

இனி அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தடிமன். அத்தான் கப்பலில் என்ஜினியர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். வீட்டில் இருக்கும் நாலு மாதமும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடிக்காது. "உன் தம்பி ஆளப் பாக்கறதே இல்ல, எடைய பாக்கறான்" என்று அக்காவிடம் சொன்னாராம். அக்கா அதை என்னிடமே சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தான் போய்ச் சேர்ந்தார்.

போகும்போது அக்காவிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். சாக்ஸ் வைக்கும் டிராயரில் கொஞ்சம் சில்லறை போட்டு வைத்திருக்கிறேன், ஆத்திர அவசரத்துக்கு எடுத்துக்கொள், மகளிடம் சொல்லாதே, மாப்பிள்ளை காதுக்குப் போனால் மறுநாளே மோட்டார் சைக்கிளாக மாறிவிடும் என்று. அக்கா ஒரே மகளை அடுத்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். நீங்கள் அவளைப் பார்த்துவிட்டீர்கள். மருந்துக் கடையில் வேலை. லேபிளைப் படிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இந்த விஷயத்தில் அது முக்கியம்.

ஐந்து மாதத்துக்கு முன்பு அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள். மாற்ற வேண்டும், முப்பதாயிரம் ஆகும், மூன்று மாதத்துக்குள் செய்தால் நல்லது, அதற்கு மேல் தள்ளினால் நாங்கள் பொறுப்பில்லை. இலவச மருத்துவமனையிலும் செய்வார்கள், ஆனால் வரிசை எட்டு மாதம் நீளம். அக்காவின் ஓய்வூதியம் வாடகைக்கும் மாத்திரைக்குமே இழுத்துப் பிடித்தால்தான் சரியாக வரும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அக்கா சாப்பாட்டு மேஜையில் ஒரு சாக்ஸை வைத்து, அதற்குள்ளிருந்து இன்னொரு சாக்ஸை உருவி, அதற்குள்ளிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள்.

"இந்தா, உங்க அத்தானோட சில்லறை. எவ்வளவு தேறும்னு பாத்துச் சொல்லு."

கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்நூற்றுப் பதினொரு கிராம் உள்ளங்கையில் உட்காருகிற விதமே தனி. மூடியைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. இருந்தாலும் திறந்தேன். பத்துக் காசு. ஒன்பது புத்தம் புதிது. பத்தாவது மட்டும் அடிபட்டது. அத்தான் அதைச் சட்டைப்பையில் சாவியோடு போட்டுக்கொண்டே பல வருடம் திரிந்திருப்பார் போல. விளிம்பில் ஒரு நெளிவு, முகமெல்லாம் கீறல். தூய தங்கம் மிருதுவானது, ஐயா. நகம்கூடப் பதியும்.

"காசுலயே போட்டிருக்கும்க்கா. பாரு, ஐம்பது" என்றேன்.

"அந்த நம்பர் எனக்கும் தெரியுதுடா. தங்கக் கலர்ல மின்னுதே, அதான் கேட்டேன்."

"புதுக் காசுன்னா மின்னத்தானே செய்யும்."

"கீழ ஏதோ பொடியா எழுதியிருக்கே?"

"எல்லாக் காசுலயும் எதையாவது எழுதித்தான் வெப்பான்."

அக்கா கண்ணாடியைத் தேடினாள். மேஜையில் தடவினாள், நாற்காலியில் தடவினாள். அது சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்திருந்தேன். அவள் என்னிடம் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "விடு, நீ பாத்தா போதாதா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில் உங்கள் எழுத்தர் 'பொய் சொல்லி ஏமாற்றினார்' என்று எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. ஒரு பொய்யைக் காட்டச் சொல்லுங்கள். ஐம்பது என்று நானா அச்சடித்தேன்?

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். "ஐந்நூறா! சாக்ஸுக்குள்ள சாக்ஸு வெச்சு, கண்ண உருட்டி, பொண்ணுகிட்டகூட சொல்லாதேன்னு என்ன பில்டப்பு குடுத்தார் மனுஷன்! கடைசி வரைக்கும் ரீல் விட்டுட்டுத்தான் போயிருக்கார்." சிரித்ததில் மூச்சு வாங்கியது. முதுகைத் தடவிவிட்டேன். பிறகு அந்த அடிபட்ட காசை மட்டும் தனியாக எடுத்தாள். "இது ஒன்னு இருக்கட்டும். அவர் கை பட்டது" என்று தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள். மிச்சம் ஒன்பதுக்கு நானூற்றைம்பது ஆகிறது. நான் ஐந்நூறாகவே கொடுத்தேன். ஐம்பது அதிகம் கொடுத்திருக்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் செய்தாய் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். எனக்குக் கடன் இல்லை, சீட்டாட்டம் இல்லை, வேறு தொடர்பும் இல்லை. இருபத்தாறு வருடமாக ஊரார் காசைத் தொட்டுத் தொட்டு வைத்தவன். ஒரு நாளைக்கு ஐம்பது காசு கை வழியாகப் போகும். ஒன்றுகூட என்னுடையதாக இருந்ததில்லை. சாக்லேட் கடையில் வேலை செய்கிற சர்க்கரை நோயாளியை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குப் பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது சட்டைப்பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தது. அந்த இழுப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

ஆனால் நான் அக்காவை மறந்துவிடவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். பேருந்திலேயே கணக்குப் போட்டுவிட்டேன். நாலாயிரத்து இருநூறு வீதம் விற்றால் முப்பதாயிரத்துக்கு எட்டுக் காசு போய்விடும். எனக்கு மிஞ்சுவது ஒன்று. விலையோ ஏறுமுகம். ஐயாயிரத்தைத் தொடட்டும் என்று காத்திருந்தால் ஆறே காசில் அறுவை சிகிச்சை முடிந்துவிடும், மூன்று மிஞ்சும். அக்காவுக்கு வால்வு, எனக்கு மூன்று காசு. யாருக்கும் நஷ்டமில்லை. காசு ஐயாயிரமானதும் போய், "எல்லாச் செலவும் நான் பாத்துக்கறேன்க்கா" என்று சொல்வதாக ஏற்பாடு. கண்ணாடி முன்னால் ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்தேன். நன்றாக வந்தது.

இரண்டாவது மாதம் நாலாயிரத்து ஐந்நூறு. மூன்றாவது மாதம் நாலாயிரத்து அறுநூற்றைம்பது வரை போய், சறுக்கி நாலாயிரத்து நானூறுக்கு வந்தது. அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்காவுக்கும் இறங்கவில்லை, அது வேறு காரணம்.

அக்கா குடியிருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதலில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு தடவை நின்று ஏறுவாள். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார ஆரம்பித்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மடக்கு முக்காலி வாங்கி இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரோரம் போட்டேன். அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியா" என்று பக்கத்து வீட்டுப் பெண் என் காதுபடவே சொன்னாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் படியில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உன்கிட்ட ஏதாவது புரட்ட முடியுமா? கேக்கவே வெக்கமா இருக்கு. தபால் ஊழியர் சங்கத்துல கடனுக்கு எழுதிப் போட்டிருக்கேன். வட்டிதான் யோசனையா இருக்கு. இல்லன்னா பொண்ணுகிட்டதான் வாயத் திறக்கணும்."

"யார்கிட்டயும் கேக்காதக்கா. எனக்கு ஒரு இடத்துல இருந்து வர வேண்டியிருக்கு. வந்ததும் முழுசா நானே கட்டறேன். கொஞ்சம் பொறு."

இதுவும் பொய்யில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆரஞ்சுச் சாறு இரண்டு பேர் கையிலும் பிசுபிசுத்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஐயா. அக்காவை எனக்குப் பிடிக்கும். இதை எழுதும்போதும் பிடிக்கிறது. நான் இந்தத் தொழில் படிக்கப் போனபோது கட்டணம் கட்டியது அவள்தான், தன் வளையல் இரண்டையும் விற்று. அதை வாங்கினவன் எடையில் கைவைத்துப் பாதி விலைதான் கொடுத்தான் என்பது நான் படித்து முடித்த பிறகு எனக்குத் தெரிந்தது. ஒன்றும் தெரியாத பெண்பிள்ளையை இப்படி ஏய்ப்பானா ஒருவன் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. இன்றைக்கு நினைத்தாலும் கொதிக்கிறது.

மறுநாளே அக்கா சங்கத்துக்குப் போன் செய்து கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். மகள் விசாரித்தபோதும், "ஒன்னுமில்ல, லேசா மூச்சு வாங்குது, மாமா பாத்துக்கறான்" என்று முடித்துவிட்டாள். அவள் சங்கத்தில் வேண்டாம் என்று சொன்னது எனக்கு அடுத்த ஞாயிறே தெரியும். அப்போது விலை நாலாயிரத்து எழுநூறு.

சென்ற செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலை பதினொரு மணி. முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். விலைப் பலகையில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. ஆறு காசை விற்றால் இருபத்தொன்பதாயிரத்து எண்ணூற்று எண்பது. நூற்றிருபது குறைகிறது. கையிலிருந்து போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் ஐயாயிரம் என்று முடிவு செய்தவன் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் விற்றால் பிறகு எதற்குத்தான் முடிவு என்று ஒன்று வைத்துக்கொள்வது?

அப்போது ஒரு டாக்ஸிக்காரர் உள்ளே வந்தார். சட்டையில் பெட்ரோல் வாசனை. கண்ணாடித் தட்டில் ஒரு காசை வைத்தார்.

"சார், இது செல்லுமா? காலைல ஒரு அம்மாவ ஆஸ்பத்திரியில எறக்கி விட்டேன். பாவம், மூச்சே விட முடியல. கூலி நாப்பது. சில்லறை இல்லப்பா, இத வெச்சுக்கன்னு குடுத்துட்டாங்க. பெட்ரோல் பங்க்ல வாங்க மாட்டேங்கறான், டீக்கடையில சிரிக்கறான்."

விளிம்பில் நெளிவு. முகமெல்லாம் கீறல். அதைக் கையில் எடுக்காமலே எனக்குத் தெரியும். நான் முன்பு சொன்னேனே, கடையில் சொல்லிச் சிரிப்போம் என்று. அந்தக் காசை ஐம்பதுக்குச் செலவு செய்த ஆளை அன்றைக்கு முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். அது என் அக்கா. நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள்.

நீங்கள் எவ்வளவு நேரம் கழித்து மருத்துவமனைக்குக் கிளம்பினாய் என்று கேட்டீர்கள். இருபது நிமிடம். முதலில் காசைத் தராசில் வைத்தேன். முப்பத்தொன்று புள்ளி பூஜ்யம் எட்டு கிராம். சாவியோடு உரசியதில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. தட்டி ஓசை கேட்டேன். "செல்லும், ஐம்பது" என்று சொல்லி ஐம்பது கொடுத்தேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். பிறகு, இங்கேதான் நான் தவறு செய்தேன், இரசீது எழுதிக் கொடுத்துவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. எடை பார்ப்பது, ஓசை கேட்பது, பணம் கொடுப்பது, இரசீது எழுதுவது, முத்திரை வைப்பது, கிழித்து நீட்டுவது. இருபத்தாறு வருடமாக இந்த ஆறும் ஒரே மூச்சில் நடக்கிற காரியம். அக்கா வீட்டில் இரசீதுப் புத்தகம் இல்லாததால் அங்கே அது நடக்கவில்லை, அவ்வளவுதான். 'தூய தங்கக் காசு, ஒன்று. எடை 31.08 கிராம். கொடுத்த தொகை 50.' கீழே என் கையெழுத்து. என் கை பொய் எழுதிப் பழகவில்லை, ஐயா. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

காசை வட்டமான உறையில் போட்டு மூடி, முதலாளி வரும்வரை இருந்து, சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்காவை நடைபாதையில் ஒரு சக்கரக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேச்சு விட்டு விட்டு வந்தது.

"அத்தான் காசக் குடுத்துட்டேன்டா, டாக்ஸிக்கு. பத்து மிச்சம், அதையும் வாங்கல. ஞாபகத்துக்குன்னு வெச்சது. மனசே சரியில்ல."

"கவலப்படாதக்கா. அந்தக் காசு என்கிட்டதான் வந்திருக்கு."

"உன்கிட்டயா? நெசமாவா? நல்லவேளை. தெரிஞ்ச கைக்கே வந்திருச்சு." பிறகு, "உனக்கு வர வேண்டியது வந்துச்சா?" என்றாள்.

"நெருங்கிடுச்சுக்கா. இன்னும் ரெண்டு நாள்."

"அவசரமில்ல. நீ சிரமப்படாத."

மாலை நாலு மணிக்குப் போய்விட்டாள். நான் அழுதேன். ஒரு நர்ஸ் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். வியாழக்கிழமை காலை விலை ஐயாயிரத்துப் பத்து. நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது, ரெண்டு நாள்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் அக்கா வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நான் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டாக்ஸிக்காரர் மூன்று மாடி ஏறி வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி நின்றார். ஆஸ்பத்திரியில் விசாரித்து முகவரி வாங்கியிருக்கிறார். அக்கா மகளிடம் ஒரு கவரை நீட்டினார்.

"கூலி போக மிச்சம் பத்து இருக்கும்மா. அவங்க வெச்சுக்கன்னாங்க. போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து இத செலவு பண்ண முடியல. அந்தக் காசு கடையில வாங்கிக்கிட்டாங்க. சீட்டும் உள்ள இருக்கு."

நல்ல மனிதர். பத்துக்காக மூன்று மாடி. உட்காரச் சொன்னேன், ஒரு தேநீர் கொடுத்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "சார், நீங்கதானே!" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அக்கா மகள் சீட்டைப் படித்து முடித்திருந்தாள். லேபிளைப் படிக்காமல் விட மாட்டாள் என்று சொன்னேனே.

"மாமா, இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"தூய தங்கம், முப்பத்தோரு கிராம். ஐம்பதா?"

"அதுல ஐம்பதுன்னுதான் போட்டிருக்கும்."

அவள் கைபேசியை எடுத்துத் தட்டினாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அம்மா ஒரு தடவ போன்ல சொன்னாங்க. அப்பாவோட பழைய சில்லறைய மாமாகிட்ட குடுத்து ஐந்நூறு வாங்கினேன்னு. எத்தன காசு மாமா?"

"ஒன்பது. பத்திரமா இருக்கு."

அவள் என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. வெளியே போய் இரண்டாவது மாடித் திருப்பத்தில் அந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள்.

ஆக, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். காசின் விலை எனக்குத் தெரியும். அக்காவின் வால்வுக்கு ஆகும் செலவும் தெரியும். அவளுக்கு இருந்த அவகாசமும் தெரியும், மூன்று மாதம். இருந்த இரண்டு வழியையும் நான்தான் வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். அக்கா மகள் இதைக் கொலை என்கிறாள். அவள் துக்கத்தில் இருக்கிறாள், எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் அப்படியே எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்டீர்கள். விலை ஒரு வாரம் முந்தி ஐயாயிரத்தைத் தொட்டிருந்தால் கட்டியிருப்பாயா என்று. நிச்சயமாகக் கட்டியிருப்பேன். அதில் சந்தேகமே வேண்டாம். ஆறாயிரம் வரை போகும் என்று அந்த வாரம் பத்திரிகையில் எழுதியிருந்தது உண்மைதான். ஆறாயிரமானால் ஐந்து காசே போதும், நாலு மிஞ்சும். விவரம் தெரிந்த எவனும் ஒரு பத்து நாள் பார்த்திருப்பான். அதன் பிறகு கண்டிப்பாகக் கட்டியிருப்பேன்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போடத்தான் இருந்தேன். அதற்குள் உங்கள் எழுத்தர் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை வாசித்துக் காட்டினார். மடக்கு முக்காலி ஒன்று, இரசீது ஒன்று, அதற்கடுத்து இப்படி எழுதியிருக்கிறார்: 'தங்க நிறக் காசு பத்து. மதிப்பு தலா ஐம்பது. மொத்தம் ஐந்நூறு.' தப்பு என்றேன். "அதுல ஐம்பதுன்னுதானே சார் போட்டிருக்கு" என்கிறார்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியாது. அது தங்க நிறம் இல்லை, தங்கம். இன்றைய விலை ஐயாயிரத்து நாற்பது, பத்துக்கும் சேர்த்து ஐம்பதாயிரத்து நானூறு. கீழே பொடி எழுத்தில் எடையும் தரமும் போட்டிருக்கிறது. எழுத்தரைக் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் கண்ணாடி அந்தக் கோப்புக்கு அடியில் இருக்கிறது. வழக்கு முடிந்ததும் இவையெல்லாம் என் அக்கா மகளுக்குப் போக வேண்டியவை. நாளைக்கு யாராவது அவள் கையில் ஐந்நூறை வைத்து அனுப்பிவிட்டால்? ஒன்றும் தெரியாதவர்களை அப்படி ஏமாற்றுவதை நான் வாழ்நாளில் பொறுத்ததில்லை. பட்டியலைத் திருத்திக் கொண்டுவாருங்கள், உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.